33 உருப்படிகளில் ஒரு அலமாரி: சாத்தியமா, வீம்பா?

நூல்கண்டு:
அலமாரி வழியத் துணி, காலையில் உடுத்த ஒன்றும் இல்லை. இந்தக் கூத்து சலித்துப்போய் ஒன்றோடொன்று சேரும் சில உடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உடுத்தும் 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' முறைக்கு மாறினேன். அமெரிக்க எழுத்தாளர் கோர்ட்னி கார்வர் 2010-இல் தொடங்கிவைத்த கணக்கு: மூன்று மாதங்களுக்கு 33 உருப்படிகள். என்னிடம் சட்டை ஐந்து, பேன்ட் நான்கு, எல்லாம் ஒன்றோடொன்று சேரும் நிறங்கள். பெருக்கினால் 20 ஜோடி. இரண்டு ஜாக்கெட்டுகளில் ஒன்றைப் போடலாம், போடாமலும் விடலாம் என்றால் 60. இன்னும் என்ன வேண்டும்?

சாயம்போகாதவர்:
அந்த 60-இல் ஒரே சாம்பல் நிறப் பேன்ட் 15 முறை தலைகாட்டுகிறதே! பார்ப்பவர் கண்ணுக்கு அதெல்லாம் ஒரே உடைதான். போகட்டும். 20 சட்டை வைத்திருந்தவர் ஐந்தாகக் குறைத்தால் ஒவ்வொன்றும் நான்கு மடங்கு அதிகமாகத் துவைபடும். எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த துணி என்றால் உலர்த்தும் இயந்திரத்தின் சூடு பட்டுப்பட்டே தொய்ந்துவிடும். ஐந்தும் ஒரே சமயத்தில் பல்லிளிக்கும்போது என்ன செய்வீர்கள்?

நூல்கண்டு:
மடிப்பிலேயே கிடந்து மஞ்சள் பூப்பதைவிட உடம்பில் தேயட்டும். நான் வாங்கியது நீள இழைப் பருத்தி. அதில் சிறு சிறு உருண்டைகள் எளிதில் திரளாது. உள்ளாடை, இரவு உடை, உடற்பயிற்சி உடை எதுவும் 33-இல் சேராது. நீங்கள் பயமுறுத்தும் அளவுக்கு இது துறவறம் அல்ல.

கொசுறு:
செருப்பும் கைப்பையும் நகையும் சேரும் என்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? திருமண மோதிரத்துக்குத்தான் விலக்கு. என் பாடு வேறு. பாதி வாரம் பட்டறையில் கிரீஸோடு, பாதி வாரம் அலுவலகத்தில். பட்டறைக்கு மூன்று சட்டை, இரண்டு பேன்ட். அலுவலகத்துக்கு இரண்டு சட்டை, இரண்டு பேன்ட். உங்களிடம் உள்ள அதே எண்ணிக்கைதான். ஆனால் ஆறும் நான்கும் பத்து ஜோடிதான் தேறுகிறது. எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்தால் மட்டுமே உங்கள் பெருக்கல் பலிக்கும்.

சாயம்போகாதவர்:
கேளுங்கள்! இன்னொன்று: இந்த எண்ணத்தைப் பரப்பிய சூசி ஃபாக்ஸ் 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்தியவர். 1985-இல் ஏழே உருப்படிகளைச் சேர்த்து உடுத்தும் தொகுப்பை வெளியிட்ட டோனா கேரன் ஆடை வடிவமைப்பாளர். குறைத்துக்கொள்ளும் பாடத்தை விற்பவர்களிடமா படிப்பது?

நூல்கண்டு:
யார் சொன்னால் என்ன, காலையில் எனக்குப் பத்து நிமிடம் மிச்சம். கொசுறு சொன்னதை ஏற்கிறேன். ஒரே மாதிரி நாட்கள் உள்ளவருக்குத்தான் இது எளிது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: தொடங்கிய வாரத்திலேயே நிறம் சேரவில்லை என்று எட்டு உருப்படிகள் புதிதாக வாங்கினேன்.

சாயம்போகாதவர்:
எட்டா! பழைய துணிகளை யாருக்காவது கொடுத்தீர்களா?

நூல்கண்டு:
இல்லை. பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்.

கொசுறு:
எத்தனை பெட்டி?

நூல்கண்டு:
மூன்று. நான்காவது பாதிதான் நிறைந்திருக்கிறது.