யோக்டோ: லேயர் முழுக்க ஆட்டோரெவ், காற்று சீசனுக்கு முன்னால் என்ன செய்யலாம்?

ஆரல்_காற்று:
நாகர்கோவிலில் சின்னக் கம்பெனி. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் மாட்டுகிற கேட்வே பெட்டிக்கு லினக்ஸ் இமேஜ் பில்ட் பண்ணுவது என் வேலை. அந்தப் பெட்டி டர்பைன் கன்ட்ரோலரை மோட்பஸ்ஸில் (தொழிற்கருவிகள் பேசும் முறை) படித்து எம்கியூடிடியில் (நெட்டில் சிறு செய்திகளை அனுப்பும் முறை) அனுப்பும், அவ்வளவுதான். இமேஜ் கட்டும் கருவித்தொகுப்பு யோக்டோ 5.0, அந்த வெளியீட்டின் பெயர் ஸ்கார்த்கேப். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன லேயரில் (ரெசிபிகளின் தொகுப்பு), கிட்டிலிருந்து எடுக்கும் எல்லா ரெசிபியிலும் (ஒரு மென்பொருளை எப்படி பில்ட் செய்வது என்ற ஃபைல்), எந்தக் கமிட் (கோடின் குறிப்பிட்ட ஒரு நிலை) என்று சொல்லும் எஸ்ஆர்சிரெவ்வுக்கு ஆட்டோரெவ், அதாவது 'எப்போதும் கடைசிக் கமிட்' என்று போட்டிருக்கிறார். திங்கள்கிழமை வந்த இமேஜும் வெள்ளிக்கிழமை வந்ததும் ஒன்றாக இல்லை. லேயரில் யாரும் ஒரு வரிகூடத் தொடவில்லை. நெட் போனால் பில்ட் தொடங்குவதே இல்லை.

கமிட்டை நிலையாகக் குறித்துவிடலாம் என்றால், "அப்புறம் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராதே" என்கிறார் மேனேஜர். மே மாதம் காற்று ஏறிவிட்டால் டர்பைனை நிறுத்தி பெட்டியில் கைவைக்க விடமாட்டார்கள். அதற்குள் முடிவு வேண்டும்.

குளச்சல்_போர்டு:
ஆட்டோரெவ்வைத் தூக்கு. இதில் பேச என்ன இருக்கிறது?

தக்கலை_பிட்பேக்:
மக்கா, தூக்குவதற்கு முன்னால் இன்றைக்கு பில்ட் செய்தால் இமேஜ் எந்தெந்தக் கமிட்டில் வருகிறது என்று எடுத்து வை. பில்ட் விவரங்களைப் பதிவுசெய்யும் பில்ட்ஹிஸ்டரி கிளாஸை இன்ஹெரிட் செய்து ஒரு முழு பில்ட் ஓட்டு. பிறகு 'பில்ட்ஹிஸ்டரி-கலெக்ட்-எஸ்ஆர்சிரெவ்ஸ்' கட்டளையைக் கொடுத்தால், ஆட்டோரெவ்வில் இருக்கிற ஒவ்வொரு ரெசிபிக்கும் கமிட் எண்ணை ஒரு வரியாகக் கொடுக்கும். அந்த வரிகளை ஒரு கான்ஃப் ஃபைலில் போட்டு டிஸ்ட்ரோ கான்ஃப்பில் (எல்லா ரெசிபிக்கும் பொதுவான அமைப்பு ஃபைல்) சேர்த்துக்கொள். ரெசிபியைத் திறக்காமலே எல்லாம் நிலைப்பட்டுவிடும். ரெசிபிகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதை மழை நாளில் வைத்துக்கொள்ளலாம்.

நெட் பிரச்சினையும் இதோடு தீரும். ஆட்டோரெவ் இருந்தால் பிட்பேக் (யோக்டோவின் பில்ட் கருவி) ஒவ்வொரு தடவையும் ரிமோட் சர்வரிடம் போய் "இப்போ கடைசிக் கமிட் எது" என்று கேட்கும். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ விலை கேட்கிற மாதிரி, கேட்கிற நேரத்துக்கு ஒரு பதில். கமிட் எழுதியிருந்தால் கேட்க வேண்டியதில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருப்பதே போதும்.

உன் மேனேஜர் பயப்படுவது நியாயம்தான், ஆனால் இடம் மாறிப் பயப்படுகிறார். உங்கள் ரெசிபிகளில் பிவி (பதிப்பு எண்) என்ன? 1.0+கிட் என்று என்றைக்கோ எழுதியது அப்படியே கிடக்கும், பந்தயம் கட்டுகிறேன். தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் சிவிஇ-செக் கிளாஸ் அந்த +கிட்டை வெட்டிவிட்டு 1.0 என்ற எண்ணைத்தான் தரவுத்தளத்தோடு ஒப்பிடும். உள்ளே இருக்கிற கோடு இன்று காலை வந்ததாக இருந்தாலும் சரி, அறிக்கை 1.0க்குத்தான். சரியான ஓட்டையைக் காட்டாது, இல்லாததைக் காட்டி அலறும். புதுசு என்று நினைத்து ஆட்டோரெவ் வைத்திருக்கிறீர்கள், என்ன வைத்திருக்கிறீர்கள் என்றே கருவிக்குத் தெரியவில்லை. ரிலீஸ் டேக்கின் (ஒரு வெளியீட்டுக்கு வைத்த பெயர்) கமிட்டைக் குறித்து, பிவியில் அந்த டேக்கின் எண்ணைப் போட்டால்தான் அந்த அறிக்கையைப் படித்துப் பிரயோஜனம்.

ஆரல்_காற்று:
அண்ணாச்சி, பிவி 1.0தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! இன்னொன்று: லிப்மோட்பஸ் (மோட்பஸ் நூலகம்), மாஸ்கிட்டோ (எம்கியூடிடி மென்பொருள்) இரண்டுக்கும் எங்கள் லேயரிலேயே தனி ரெசிபி இருக்கிறது. லிப்மோட்பஸ்ஸில் டைம்அவுட் சம்பந்தமாக ஒரு பேட்ச் (கோடுத் திருத்தம்).

தக்கலை_பிட்பேக்:
அந்த இரண்டையும் அழித்துவிடு. லிப்மோட்பஸ் மெட்டா-ஓஇ என்ற பொது லேயரில் இருக்கிறது, மாஸ்கிட்டோ மெட்டா-நெட்வொர்க்கிங்கில். பேட்ச்சுக்கு ஒரு பிபிஅப்பெண்ட் (இருக்கிற ரெசிபியோடு சேரும் கூடுதல் ஃபைல்) போதும். ஸ்கார்த்கேப் நீண்டகால ஆதரவு வெளியீடு, 2028 ஏப்ரல் வரை உண்டு. அந்தப் பொது லேயர்களின் ஸ்கார்த்கேப் கிளைகளை அவ்வப்போது கிட் புல் செய்தாலே பாதுகாப்புத் திருத்தங்களில் பெரும்பங்கு வந்துவிடும். மேனேஜரிடம் இதைச் சொல்.

மிச்சம் இருக்கிற உங்கள் சொந்த ரெசிபிகளுக்கு மாதம் ஒரு தடவை 'டெவ்டூல் செக்-அப்கிரேட்-ஸ்டேட்டஸ்' ஓட்டு, புதுப் பதிப்பு இருந்தால் காட்டும். டேக் பெயர் விசித்திரமாக இருந்தால் எது பதிப்பு எண் என்று சொல்லும் அப்ஸ்ட்ரீம்_செக்_கிட்டேக்ரெஜெக்ஸ் எழுத வேண்டிவரும். ஏற்றும்போது 'டெவ்டூல் அப்கிரேட்'. பேட்ச்களைப் புதுக் கோடின் மேல் அதுவே ஏற்றிப் பார்க்கும், மோதினால் உன்னிடம் விட்டுவிடும். லைசென்ஸ் ஃபைலின் செக்சம் மாறினால் என்ன மாறியது என்று ரெசிபியிலேயே காட்டும். பெரும்பாலும் பதிப்புரிமை ஆண்டுதான், இருந்தாலும் படித்துவிட்டுக் கமிட் செய்.

அந்த டைம்அவுட் பேட்ச்சை அப்ஸ்ட்ரீமுக்கு (மூல மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு) அனுப்பு. பேட்ச்சின் தலையில் அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ் வரியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் அது உன் தலையில்தான்.

குளச்சல்_போர்டு:
ஒன்று சேர்க்கிறேன். எஸ்ஆர்சி யுஆர்ஐயில் (கோடு எங்கிருந்து வரும் என்று சொல்லும் வரி) பிராஞ்ச் எழுதியிருக்கிறதா பார். அப்ஸ்ட்ரீமில் மாஸ்டர் பிராஞ்சின் பெயரை மெயின் ஆக்கியிருந்தால், கமிட் சரியாக இருந்தும் ஃபெட்ச் விழும். எரிச்சலில் நோபிராஞ்ச் (பிராஞ்சைச் சரிபார்க்காதே என்ற அமைப்பு) போட்டு மூடிவிடாதே.

ஆரல்_காற்று:
ஏழு ரெசிபியில் மாஸ்டர். கமிட் கான்ஃப் வந்துவிட்டது, கேபிளைப் பிடுங்கிவிட்டு பில்ட் போட்டிருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் டெவலப்பர்கள் மட்டும் அவர்கள் அப்ளிகேஷனுக்கு ஆட்டோரெவ் வேண்டும் என்கிறார்கள்.

தக்கலை_பிட்பேக்:
கொடு. அவர்கள் மேசையில் இருக்கிற லோக்கல் கான்ஃப்பில் அந்த ஒரு ரெசிபிக்கு மட்டும். ரிலீஸ் பில்ட் ஓடுகிற மெஷினில் அந்த வரி இருக்கக் கூடாது.