வேலை கேட்டுப் போன இடத்தில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

சேலத்துப் பையன்:
மூணு வருஷம் ஆச்சு, இன்னும் படுத்தா ஞாபகம் வருது. சாலிகிராமத்தில் ஒரு எடிட் சூட், அசிஸ்டென்ட் எடிட்டர் வேலை. நான் எடிட் பண்ணினதைத் தொகுத்து வச்சிருந்த ஷோரீலை எடிட்டர் திறக்கவே இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் கொடுத்து, "நாலாம் நாள் ஃபுட்டேஜ், சவுண்டோட சிங்க் பண்ணி வை"ன்னு சொல்லிட்டு வெளியே போயிட்டார். ரெண்டு கேமரா, சவுண்ட் தனி. கிளாப் கட்டை மூடுற ஃபிரேமும் அந்த 'டக்' சத்தமும் ஒண்ணா உட்காரணும், அவ்வளவுதானே. பதினேழு ஷாட் முடிச்சேன். பதினெட்டாவது, கோலம் போடுற கையை மேலேருந்து எடுத்த டாப் ஷாட். ஆரம்பத்தில் கிளாப்பே இல்லை. கடைசியில் இருந்தது, தலைகீழா. கோலத்துக்கு எது மேல் எது கீழ்? கேமராவைத் திருப்பி மாட்டிட்டாங்கன்னு நினைச்சு கிளிப்பை 180 டிகிரி சுத்தி வச்சேன்.

வந்து பார்த்தார். திட்டலை. "ரிப்போர்ட் படிச்சியா?"ன்னு மட்டும் கேட்டார். அதே ஃபோல்டரில், ஒவ்வொரு டேக்கைப் பத்தியும் குறிச்சு வைக்கிற கன்டினியூட்டி ரிப்போர்ட் கிடந்தது, அந்த டேக்குக்கு நேரா 'எண்ட் போர்டு'ன்னு எழுதியிருந்தது. ஆரம்பத்தில் கிளாப் அடிக்க முடியாதப்போ கடைசியில் போர்டைத் தலைகீழா பிடிச்சு அடிப்பாங்களாம். மூணு வருஷம் விஸ்காம் படிச்சேன், யாரும் சொல்லித் தரலை. நானும் கேட்டதில்லை. "நாளைலேருந்து வா, மூணு மாசம் சம்பளம் கிடையாது"ன்னார். சரின்னுட்டேன். அவர் மறுபடி அந்த கிளிப்பை நேராக்கின விரல்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மதுரைக் குரல்:
நான் டப்பிங். ழகரம், லகரம், வேகம் எல்லாம் தயார் பண்ணிட்டுத்தான் போனேன். மானிட்டர்ல ஒரு அம்மா இடுப்புல இருந்து குடத்தை இறக்கி வச்சு நிமிர்றாங்க. வசனமே இல்லை. "ரியாக்ஷன் மட்டும் கொடுங்கம்மா"ன்னு உள்ளேருந்து குரல். பெருமூச்சு விட்டேன். "அது அலுப்பும்மா. பாரம் இறங்கலையே." ஏழு டேக். எங்க தெருக்குழாய்ல பத்து வருஷம் குடம் சுமந்தவ நான், எனக்கே அந்த மூச்சு வரலை. கடைசில இன்ஜினியர் எழுந்து வந்து, மூலையில இருந்த 20 லிட்டர் தண்ணி கேனை மைக் பக்கத்துல வச்சு, "தூக்கிட்டு இறக்குங்க"ன்னார். தூக்கினப்போ மூச்சு தானா அடைச்சுது, இறக்கினப்போ உடைஞ்சுது. அதைத்தான் எடுத்துக்கிட்டாங்க. இப்போ எந்த ரியாக்ஷன் கொடுத்தாலும் கையில எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கிறேன்.

பழைய ஏ.டி.:
சேலத்துத் தம்பி, மூன்று மாதம் சம்பளமில்லாமல் போனதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்கள். நானும் உதவி இயக்குநராக ஒரு முழுப் படத்துக்குச் சாப்பாட்டுப் பேட்டா மட்டும் வாங்கினேன். வீட்டு வாடகைக்கு அக்கா வளையலை அடகு வைத்தார். அந்த வளையல் திரும்பி வரவே இல்லை. என் கதை அவ்வளவுதான்.

இனி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஷோரீலில் காட்டுகிற வேகமான கட் யாருக்கும் வேண்டாம். அசிஸ்டென்டிடம் எதிர்பார்ப்பது டேட்டாவைத் தொலைக்காமல் இருப்பதை. எதையும் மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு கட்டடத்தில். மெமரி கார்டை ஃபார்மட் செய்யும் முன் காப்பி சரியாக ஏறியதா என்று, இரண்டு பிரதியும் ஒன்றுதானா எனக் காட்டும் செக்சம் சோதனையை ஓட்டிப் பாருங்கள். ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைப் பார்க்காமல் டைம்லைன் திறக்காதீர்கள். 23.976இல் எடுத்ததை 24இல் ஓட விட்டுவிட்டு, சவுண்டை அப்படியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். பத்து நிமிட டேக்கிலேயே அரை நொடிக்கு மேல் உதடும் குரலும் பிரியும், பிறகு சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் மீது பழி போடுவார்கள். படிக்க நினைப்பவர்கள் தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரியையும், 1960இல் தொடங்கிய புனே திரைப்படப் பயிற்சி நிறுவனத்தையும் முதலில் பாருங்கள். தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டும் முன் அங்கே லேபில் ஒரு மாணவனுக்கு வாரம் எத்தனை மணி நேரம் மெஷின் கிடைக்கிறது என்று கேளுங்கள். விளம்பரத்தில் அந்தக் கணக்கு இருக்காது. மெஷின் கிடைக்காத படிப்பில் எடிட்டிங் வராது. டிஐ எனும் நிறச் சீரமைப்பு, சவுண்ட், விஎஃப்எக்ஸ் எனும் காட்சி ஜாலம் மூன்றிலும் குறைந்தது ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், அடுத்த மேஜைக்காரருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் புரியும்.

சேலத்துப் பையன்:
அண்ணே, நான் சம்பளத்தைச் சாதாரணமா சொல்லலை. அப்பா தறி ஓட்டி மாசம் அனுப்பின காசுலதான் அந்த மூணு மாசம் ஓடிச்சு. ஆனா அந்த ரிப்போர்ட்டைப் படிக்கக் கத்துக்கிட்டது அங்கதான், அதையும் சொல்லணும்ல.

பழைய ஏ.டி.:
கற்றுக்கொடுத்தவர் சம்பளமும் கொடுத்திருக்கலாம். அப்பாவின் காசில் அவர் படத்தை முடித்திருக்கிறார். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அடிவரி:
ரெண்டு பேரும் மன்னிக்கணும், என் விஷயம் சப்டைட்டில். தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷ்ல எழுதுற வேலை. ரெண்டு வரி, வரிக்கு 42 எழுத்துன்னு கணக்கு, அதெல்லாம் பழகிட்டுத்தான் டெஸ்ட்டுக்கு உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷக் காட்சி. ஒரு பொண்ணு தினமும் வேலைக்குக் கிளம்புறப்போ வாசல்ல நின்னு புருஷன்கிட்ட "போயிட்டு வரேன்"னு சொல்றா. மூணு தடவை வருது. நாலாவது தடவை பையோட நின்னு, "போறேன்". அவ்வளவுதான், கதவு சாத்துது.

நான் நாலுக்கும் 'ஐ'ம் லீவிங்'னு போட்டுட்டேன். எழுத்து எண்ணிக்கை சரி, டைமிங் சரி. பார்த்தவங்க ஒரு வயசான அம்மா. பென்சிலை முதல் வரில வச்சாங்க, நாலாவது வரில வச்சாங்க. "ரெண்டும் ஒண்ணாம்மா?"

எங்க வீட்ல "போறேன்"னு சொன்னா பாட்டி வாயில அடிப்பாங்க. "போயிட்டு வரேன்னு சொல்லுடி"ம்பாங்க. அந்த வீட்ல வளர்ந்துட்டு அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கேன்.

மதுரைக் குரல்:
ஐயோ. படிக்கும்போதே வயித்தைப் பிசையுது. அப்போ என்னதான் எழுதியிருக்கணும்? குட்பைன்னா?

அடிவரி:
குட்பைன்னு போட்டா அவ அழுதுட்டுப் போற மாதிரி ஆயிடும். அவ அழலை, சாதாரணமாத்தான் சொல்றா. ரொம்ப நாள் யோசிச்சேன். தப்பு நாலாவது வரில இல்லை, முதல் மூணுலதான். அங்கெல்லாம் 'பேக் பை சிக்ஸ்' மாதிரி திரும்பி வர்றதை ஒட்டி எழுதியிருக்கணும். மூணு தடவை அதைப் படிச்சுப் பழகின கண்ணுக்கு நாலாவதுல வெறும் 'ஐ'ம் கோயிங்' வந்தா, வராததைத் தேடியிருக்கும்.

பழைய ஏ.டி.:
கணவன் அதற்கு என்ன சொல்கிறான்?

அடிவரி:
பேப்பர் படிச்சுக்கிட்டே "ம்"ங்கிறான், நாலு தடவையும். அதுக்கு சப்டைட்டில் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது, அந்த அம்மா அதைப் பார்த்துத் தலையாட்டினாங்க. வேலை கிடைக்கலை. இப்போ வேற இடத்துல சீரியல் பண்றேன், ஒரு நாளைக்கு ரெண்டு எபிசோட். வாசல் காட்சி வந்தா மட்டும் நிறுத்திட்டு முன்னாடி எபிசோடைத் திறந்து பார்க்கிறேன்.