நனைந்த வெடிப்பெட்டி

குழு: சாட்ஸ்வொர்த் வீட்டார் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாந்தா அத்தை: வாசலில் வைத்த வெடிப்பெட்டி முழுக்க ஊறிவிட்டது. யார் அங்கே வைத்தது?

லோகன் மாமா: டர்பனில் கோடை மழை தொடங்கும் மாதத்தில்தான் தீபாவளி வருகிறது. வருடா வருடம் வானத்தைத் திட்டி என்ன பயன்?

கேஷன்: பம்மர்.

சாந்தா அத்தை: இங்கே தமிழில்தான் எழுத வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

கேஷன்: தமிழ் எழுத்தில்தானே எழுதினேன், அத்தை!

பிரியா: வாய் மட்டும் குறையவில்லை. மெட்ரிக், அதான் பன்னிரண்டாம் வகுப்பு, ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தாயா?

கேஷன்: அதில்தான் சந்தேகம், அக்கா. பம்மர், லெட்டவுன், டவுனர், வெட் பிளாங்கெட், எல்லாம் ஒன்றுதானே?

பிரியா: இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் பம்மர். ஐந்து நிமிடத்தில் ஆறிப்போகும் வருத்தம். லெட்டவுனுக்கு முதலில் நீ நம்பியிருக்க வேண்டும். டவுனர் மனத்தையே கீழே இழுப்பது. 1960களில் அமெரிக்காவில் தூக்க மாத்திரைகளை அப்படி அழைத்தார்கள். போதையில் நேர்ந்த கெட்ட அனுபவத்தைப் பம்மர் என்றார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் அங்கே பம்மர் என்றால் வேலை செய்யாமல் ஊர் சுற்றுகிறவன். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல்.

சாந்தா அத்தை: நம் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

லோகன் மாமா: டேம்ப் ஸ்குவிப்பை விட்டுவிட்டாயே, பிரியா. இன்றைக்கு அதுதானே நடந்திருக்கிறது!

சாந்தா அத்தை: ஸ்குவிட் இல்லையா? நனைந்த கணவாய் மீன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

லோகன் மாமா: கணவாய் எப்போது காய்ந்திருந்தது, அக்கா? ஸ்குவிப் என்றால் சின்ன வெடி. ஆர்ப்பாட்டமாக அறிவித்துவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் டேம்ப் ஸ்குவிப்.

கேஷன்: அப்படியென்றால் 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை டேம்ப் ஸ்குவிப்பா, மாமா?

பிரியா: ஏன் அதைக் கிளறினாய்? இனி இரவு முழுக்க இதுதான்.

லோகன் மாமா: மார்ச் 3, நம் டர்பன் கிங்ஸ்மீட் மைதானம். நான் அங்கே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இலங்கை 268. மழை வந்து ஆட்டம் நின்றால் 229 போதும் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது சமன் ஆவதற்கான கணக்கு. வெல்ல இன்னும் ஒரு ரன் வேண்டும். முரளியின் பந்தில் நம் பவுச்சர் சிக்சர் அடித்து 229 ஆக்கினார். வென்றாயிற்று என்று அடுத்த பந்தைத் தடுத்து நிறுத்திவிட்டார். மழை கொட்டியது, ஆட்டம் சமன். போட்டியை நடத்திய நம் நாடு முதல் சுற்றோடு வெளியே! இதைப் பம்மர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிரியா: லெட்டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோகன் மாமா: அதுவும் பற்றாது.

பிரியா: அது சரிதான். இவையெல்லாம் சில்லறைத் துக்கத்துக்கான சொற்கள். கேஷன், துக்கம் விசாரிக்கும் இடத்தில் பம்மர் என்று சொல்லிவிடாதே. தேர்வில் மாநகராட்சிக்குப் புகார்க் கடிதம் எழுதச் சொன்னால் அதிலும் வேண்டாம்.

சாந்தா அத்தை: நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘ஐயோ பாவம்’ என்கிற ஷேம் போதுமே. பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்தாலும் ஷேம், குழந்தை தும்மினாலும் ஷேம்.

கேஷன்: பள்ளியில் நாங்கள் ஸ்வாக் என்போம். ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல்.

பெரியப்பா: நனைந்த வெடிகளை அடுப்பருகில் வைத்து உலர்த்தக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். மீதியையும் கொளுத்த வேண்டாம், நாய்கள் பயப்படும். மின்கட்டணம் இன்னும் யாரெல்லாம் கட்டவில்லை?

கேஷன்: அக்கா, வெட் பிளாங்கெட் என்பதை ஆளுக்குத்தானே சொல்வார்கள்?

பிரியா: ஆமாம். தீயை அணைக்க மேலே போடுகிற ஈரப் போர்வை போல, மற்றவர் உற்சாகத்தை அணைக்கிற ஆள். அதை உடனே அழி, பெரியப்பா பார்க்கப் போகிறார்.

பெரியப்பா: பார்த்துவிட்டேன். சமோசா மிச்சம் இருக்கிறதா?

சாந்தா அத்தை: இருக்கிறது, அண்ணா. போன வருடம் கொண்டுபோன என் டப்பாவோடு வாருங்கள்.