நடவு வயல்ல இருக்கும்போது இடி இடிச்சா ஆளுங்களை எங்க அனுப்புறது?

மேலவாய்க்கால்:
வயல்ல 12 பேர் நட்டுக்கிட்டிருப்பாங்க. ஐப்பசியில மத்தியானம் மூணு மணிக்கு மேல திடீர்னு இருட்டிக்கிட்டு வருது. வரப்புல ஒத்தைப் பனை நிக்குது. 300 மீட்டர் தள்ளி மோட்டார் கொட்டகை, தகரம் போட்டது, முன்பக்கம் திறப்பு. ரோட்டுல ஆள் ஏத்தி வந்த வேன். எப்ப கரையேறச் சொல்லணும், எங்க போகணும்? ஆள் கூட்டிட்டு வர்ற கொத்துக்காரர் “தூறல் விழட்டும், பாத்துக்கலாம்”ங்கிறார்.

கருமேகம்:
தூறலுக்குக் காத்திருந்தா செத்தோம். மழை பெய்யிற இடத்துலேருந்து 10 கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கிற இடத்துலகூட மின்னல் விழும். வெட்டினதும் எண்ணுங்க: 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர். 30 எண்றதுக்குள்ள இடி கேட்டா 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு.

நடவு வயலுக்கு இந்தக் கணக்கும் இறுக்கம்தான். சேத்துலேருந்து காலை உருவி, வழுக்குற வரப்புல நடந்து, வயசானவங்களும் வேன்ல ஏற 10 நிமிஷமாவது ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர்ல வர்ற மேகம் அந்த 10 கிலோமீட்டரை 15 நிமிஷத்துல தாண்டிடும். அதனால முதல் உறுமல் காதுல விழுந்ததுமே நாத்துமுடியைப் போட்டுட்டு ஏறணும். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் கழிச்சுத்தான் இறங்கணும். நடுவுல ஒண்ணு இடிச்சா திரும்ப முதல்லேருந்து 30.

புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தோட ‘தாமினி’ ஆப் 20, 40 கிலோமீட்டர் வட்டத்துல விழுற மின்னலைக் காட்டும். லொகேஷன் ஆன்ல இருக்கணும். வரப்புல இருக்கிற ஒருத்தர் கையில போன் இருக்கட்டும். மடியில முடிஞ்சு வெச்சா யார் பாக்குறது?

ஸ்டார்ட்டர்பெட்டி:
வேன்தான் இடம். கண்ணாடியை ஏத்திட்டு, கம்பி, கதவு எதையும் தொடாம உக்காரணும். காப்பாத்துறது டயர் ரப்பர் இல்ல, சுத்தியிருக்கிற இரும்புக்கூடு. மின்சாரம் வெளித்தகடு வழியாவே தரைக்கு இறங்கிடும். தார்ப்பாய் போட்ட லோடு ஆட்டோ, கேபின் இல்லாத டிராக்டர் ரெண்டுமே ஆகாது.

கொட்டகை வேண்டாம். ஈபி லைனும் போர் பைப்பும் எங்கேயோ விழுந்ததை உள்ளே இழுத்துட்டு வரும். மோட்டாரை நிறுத்தணும்னா இருட்டும்போதே நிறுத்திடுங்க. இடிக்க ஆரம்பிச்சதும் ஸ்டார்ட்டர்ல கை வைக்காதீங்க, காயில் எரிஞ்சா எரியட்டும்.

பனைக்கிட்ட போகவே கூடாது. மரத்துல இறங்குற மின்னல் பாதியில பக்கத்துல நிக்கிற ஆள் மேல தாவும். மிச்சம் ஈரத்தரையில பரவும். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் வோல்டேஜ் வித்தியாசப்படும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம், அதான் மரத்தடி மாடுங்க மொத்தமா சாயுது.

மேலவாய்க்கால்:
நன்றிண்ணே. வேன் இல்லாத அன்னிக்கு குந்தி உக்காந்தா போதுமா?

கருமேகம்:
போதாது தம்பி. வேன் இல்லேன்னா வானம் சரியில்லாத அன்னிக்கு நடவே வேண்டாம். மாட்டிக்கிட்டா மட்டும்: கும்பலா நிக்காம பிரிஞ்சு, மண்வெட்டி, குடையைக் கீழே போட்டு, கம்பி வேலியை விட்டு விலகி, பாதம் ரெண்டையும் ஒட்டி வெச்சுக் குந்தணும். படுக்கக் கூடாது. “அர்ஜுனா அர்ஜுனா” மனசுக்கு. ரப்பர் செருப்பும் அந்த ரகம்தான்.

முதலுதவி:
ஒண்ணு விட்டுப்போச்சு. அடிபட்டவங்க உடம்புல மின்சாரம் தங்காது, தொடலாம். நாலஞ்சு பேர் விழுந்தா முனகுறவங்களை விட்டுட்டு, மூச்சுப்பேச்சு இல்லாம கிடக்கிறவங்களை முதல்ல பாருங்க. 108-க்கு ஒருத்தர் பேசட்டும். மத்தவர் நெஞ்சு நடுவுல 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 30-க்கு ஒருதரம் வாயோட வாய் வெச்சு 2 மூச்சு. இதயம் தானா துடிக்க ஆரம்பிச்சாலும் மூச்சு திரும்ப நேரமாகும், அதனால ஊதுறதை விடாதீங்க. சேத்துல கிடந்தா முதல்ல வரப்புக்கு இழுங்க, சேத்துல அழுத்தினா ஆள்தான் உள்ளே போவார்.