இருண்ட கதைத் தொகுப்பில் உங்களை விடாமல் துரத்தும் இடம் எது?

நிழல்வாசி:
டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’, வேண்டியதைத் தரும் ஒரு குரங்குப் பாதத்திடம் இறந்த மகனைத் திரும்பக் கேட்கும் பெற்றோரின் கதை; நேராக அந்தக் கதவுக்கு வருகிறேன். வெளியே யாரோ தட்டுகிறார்கள். எட்டாத தாழ்ப்பாளுக்காகத் தாய் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். வந்திருப்பவனைத் திருப்பி அனுப்பக் கடைசியாக ஒரு முறை வேண்டிக்கொள்ளத் தந்தை தரையில் தவழ்ந்து அந்தப் பாதத்தைத் தேடுகிறார். பல ஆண்டுகளுக்கு முன் கோதிக் எனப்படும் இருண்ட திகில் கதைகளின் தொகுப்பு ஒன்றில் படித்த இதை அண்மையில் நண்பர் ஒருவருக்குச் சொன்னபோது, வாசலில் நின்ற மகனின் சிதைந்த முகத்தை, மூடாத ஒற்றைக் கண் உட்பட, விவரித்தேன். அவர் அந்தப் பத்தியைக் காட்டச் சொன்னார். புரட்டிப் பார்த்தால், கதவு திறக்கும்போது எதிரே ஒரு தெருவிளக்கும் ஆளரவமற்ற சாலையும் மட்டுமே உள்ளன. இத்தனை காலமும் நான் யாருடைய முகத்துக்கு அஞ்சிக்கொண்டிருந்தேன்?

பழுப்புத்தாள்:
அது உங்கள் நினைவின் பிழையன்று. இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனை உடையை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது என்று தந்தை ஓரிடத்தில் சொல்கிறார். முகத்தை வரையும் வேலையை ஆசிரியர் அந்த ஒரு வரியிலேயே நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறார். எனக்கு வாய்த்தது முகமன்று, ஓசை. எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட இதயத்துடிப்புக் கதையில், தான் கொன்ற கிழவரின் இதயம் துடிப்பது கேட்பதாகக் கொலைகாரன் சொல்லும் இடத்தில், பஞ்சில் பொதிந்த கடிகாரத்தின் ஒலி என்றொரு உவமை வரும். அது எப்படித்தான் இருக்கும் என்று அறிய, என் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஒலி குறையவில்லை, அருகில் வந்தது. பிறகு அதைப் பக்கத்து அறை அலமாரியில் துணிகளுக்கு நடுவே செருகிவிட்டு வந்து படுத்தேன்; அப்போதும் கேட்டது.

மூன்றாம்சாமம்:
கேட்டது உங்கள் சொந்த நாடித் துடிப்பாகத்தான் இருக்கும்; அக்கதைசொல்லிக்கும் அதுவே நேர்ந்தது என்பது என் கருத்து. சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்வதாகக் காணும் ஒருத்தியின் கதையான, 1892இல் வெளியான ‘மஞ்சள் சுவர்த்தாள்’ படித்த பிறகு, சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்புத் திட்டு ஒன்றை நான் ஒரு வாரம் பார்க்காமல் தவிர்த்தேன், அவ்வளவே. இத்தகைய தொகுப்புகளைப் படுக்கையில் வாசிக்கவே கூடாது. ஒரு நாளுக்கு ஒரு கதைதான். அடுத்தடுத்துப் படித்தால் மூன்றாவது கதையிலேயே பாழடைந்த மாளிகையும் மெழுகுவத்தியும் சலித்துவிடும், அச்சம் எழாது. போவின் ‘அஷர் மாளிகை’யின் முதல் வாக்கியத்தை மட்டுமாவது உரக்கப் படியுங்கள்; மூச்சு வாங்கும் அளவுக்கு நீளும் அந்த வாக்கியத்திலேயே அம்மாளிகையின் இறுக்கம் இருக்கிறது. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், ஏனெனில் பதிப்பாசிரியர்கள் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்.

நிழல்வாசி:
அறிவுரை எதுவும் நான் கேட்கவில்லை, நண்பரே. ஆயினும் நேற்றுப் பட்டப்பகலில், மேசை முன் அமர்ந்து மீண்டும் வாசித்தேன். சாலை வெறுமையாகத்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பியதும் அந்தக் கண் வந்துவிட்டது.