டிபிஎஃப் அடைச்சா குத்தம் ஓட்டுறவன் மேலயா? (2500 ஆர்பிஎம் புராணம்)

சக்கரம்பிடி:
டிபிஎஃப், அதான் டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர், அதைப் பத்தி பக்கத்து இழையில டீசல்பித்தன் ஐயா ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கார். அப்படியே எடுத்துப் போடுறேன்.

"பிக்கப்ல டிபிஎஃப் அடைச்சுப்போச்சுன்னு அழறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு டீசல் ஓட்டத் தெரியாது. ஒரு கியர் குறைச்சு 2500 ஆர்பிஎம்-ல இருபது நிமிஷம் பிடிங்க. கரி தானா எரியும். சர்வீஸ் சென்டர் பக்கமே போக வேண்டாம்."

படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் லோடு ஏத்தி இழுக்கிறவன். என் எஞ்சின் பாதி நேரம் 2500-க்கு மேலதான் கத்துது. அப்படியும் டேஷ்ல மஞ்சள் விளக்கு, அப்புறம் லிம்ப் மோடு (எஞ்சின் தானே சக்தியைக் குறைச்சுக்கும்), மேட்டுல சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான். சர்வீஸ்ல ஃபோர்ஸ்டு ரீஜென், அதாவது ஃபில்டர் கரியை வலுக்கட்டாயமா எரிக்கிற வேலை, போட்டுக் கொடுத்தாங்க, கொஞ்ச நாள்லயே மறுபடி அதே விளக்கு. இப்ப நான் ஓட்டத் தெரியாதவனா?

டீசல்பித்தன்:
கூப்பிட்ட மரியாதைக்கு வந்துட்டேன். முக்கால்வாசின்னுதான் சொன்னேன். நீங்க மிச்சக் கால்வாசியா இருந்துட்டுப் போங்க, எதுக்கு இவ்வளவு ரோஷம்?

விஷயத்துக்கு வருவோம். ஃபில்டர்ல சேர்ற கரி எரியணும்னா 600 டிகிரி கிட்ட சூடு வேணும். ஐடில்ல நிறுத்தி ஏசி போட்டுத் தூங்கினா அது வராது. டாப் கியர்ல 1500-ல உருட்டினாலும் வராது. 2500 பிடிச்சா வரும். இதுல எங்க தப்பு கண்டீங்க?

திருப்புளி:
அந்த 2500-லதான் தப்பு அண்ணே. காலி வண்டியில கியரைக் குறைச்சு ஆர்பிஎம் ஏத்தினா காத்துதான் கூடப் போகும், எஞ்சின் மேல பாரம் ஏறாது. எக்ஸாஸ்ட் சூடு பாரத்தைப் பொறுத்தது. 1800-ல மேடு ஏறுற வண்டி, சமதரையில 2500-ல சும்மா கத்துற வண்டியைவிடச் சூடா இருக்கும். வண்டியோட ஓபிடி சோதனை சாக்கெட்ல ஒரு ரீடரைச் செருகிப் பாருங்க.

அந்த 600 டிகிரியை நீங்க காலால கொண்டுவர்றதும் இல்லை. ஈசியூ, அதான் எஞ்சினோட கம்ப்யூட்டர், கொண்டுவருது. பவர் ஸ்ட்ரோக் முடியுற நேரத்துல கொஞ்சம் டீசலைக் கூடுதலா இன்ஜெக்ட் பண்ணும். அது சிலிண்டர்ல எரியாம வெளிய போய், டிபிஎஃப்-க்கு முன்னாடி இருக்கிற ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட்ங்கிற வினையூக்கிப் பெட்டியில எரியும். அங்க பிறக்கிற சூடுதான் கரியை எரிக்குது. அந்தக் கேட்டலிஸ்ட் முதல்ல சூடாகி நிக்கணும், அதுக்கு உங்க ஓட்டம் உதவும். அவ்வளவுதான்.

டீசல்பித்தன்:
"உங்க ஓட்டம் உதவும்." நன்றி. நான் ஒரு வரியில சொன்னதை நீங்க ரெண்டு பத்தியில சொல்லியிருக்கீங்க. 2500.

பின்சீட்டு:
2500 என்ன சார், ராசியான நம்பரா? 2400-ல எரியாதா?

டீசல்பித்தன்:
2400-ல எரியுமான்னு தெரிஞ்சுக்க வண்டி வேணும். உங்ககிட்ட இருக்கா? யூரியா இழையில கேட்டப்பவும் பதில் வரல.

பின்சீட்டு:
யூரியா இழையை எதுக்கு இங்க இழுக்குறீங்க? டெஃப்-ல (புகையில நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஊத்துற திரவம்) யூரியா 32.5 சதவீதம்தான், மிச்சம் தண்ணின்னு நான் சொன்னப்ப "தண்ணியை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா"ன்னு சிரிச்சது யாரு? அந்த இழை இன்னும் அங்கதான் கிடக்கு. போய்ப் படிங்க.

புதுவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். வண்டியை நிறுத்தினப்புறமும் ரேடியேட்டர் ஃபேன் ரொம்ப நேரம் ஓடுச்சு, கருகின வாடை. ரீஜென் நடுவுல அணைச்சுட்டேன் போல. பயப்படணுமா?

சக்கரம்பிடி:
ஐயா 2500-ஐ விடமாட்டார் போல. அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. ஆஸ்திரேலியாவுல 2015 அக்டோபர்ல இருந்து 2020 ஏப்ரல் வரைக்கும் விற்ற டொயோட்டாவோட ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள், மொத்தம் 2,64,170. டிபிஎஃப் சிஸ்டம் டிசைன்லயே குறைன்னு 2022-ல ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. அந்தக் குறை எப்ப வெளிய வந்துச்சு தெரியுமா? சுமார் 100 கி.மீ. வேகத்துல தொடர்ந்து ஓட்டினப்ப. ஹைவேயில நல்லா ஓட்டினவங்களுக்குத்தான் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் மேல படிவு படிஞ்சு வெள்ளைப்புகை வந்துச்சு. அத்தனை பேருக்கும் ஓட்டத் தெரியாதா?

டீசல்பித்தன்:
அப்படிப் போடுங்க. அந்த வண்டிங்க 100-ல டாப் கியர்ல போகும்போது எத்தனை ஆர்பிஎம்? 2000-க்குக் கீழதான். நான் எத்தனை சொன்னேன்? வேகம்னு நான் எங்கயாவது எழுதியிருக்கேனா? ஒரு கியர் குறைச்சுன்னு எழுதியிருக்கேன். எனக்கு எதிரா எடுத்துட்டு வந்த கேஸ் எனக்கே சாட்சியா நிக்குது பாருங்க.

சக்கரம்பிடி:
கோர்ட் டிசைன் குறைன்னு சொல்லிச்சு. கியர் குறைக்கலன்னு சொல்லல.

டீசல்பித்தன்:
கோர்ட்டுக்கு கியர் தெரியுமா?

பின்சீட்டு:
இதைச் சட்டம் போட்டு மாட்டணும்.

திருப்புளி:
நீங்க ரெண்டு பேரும் "அடைப்பு"ன்னு எழுதுறீங்களே, எந்த அடைப்பைச் சொல்றீங்க? கரி வேற, சாம்பல் வேற. கரி எரியும். சாம்பல் எரியாது, நீங்க 2500 இல்ல, 5000-ல பிடிச்சாலும் எரியாது. அடுப்புல விறகு எரிஞ்சு தீர்ந்தப்புறம் மிஞ்சுறதை மறுபடி பத்தவைக்க முடியுமா? இந்தச் சாம்பல் எஞ்சின் ஆயில்ல இருக்கிற கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் மாதிரி சேர்க்கைகள்ல இருந்து வருது. ரீஜென் முடிஞ்ச உடனே டிஃபரன்ஷியல் பிரஷர், அதாவது ஃபில்டருக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், பாருங்க. நல்லா இறங்கியிருந்தா கரிப் பிரச்சனை, ஏதோ ஒண்ணு கரியைக் கூடுதலா உண்டாக்குது. இறங்கலைன்னா சாம்பல் நிறைஞ்சிருக்கு, கழட்டித்தான் சுத்தம் பண்ணணும். முதல்ல இதைப் பிரிச்சுக்கிட்டுப் பேசுங்க.

டீசல்பித்தன்:
கரியோ சாம்பலோ, ஒழுங்கா ஓட்டினா சேராது.

திருப்புளி:
சாம்பல் சேரும் அண்ணே. ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சேரும்.

டீசல்பித்தன்:
எனக்குச் சேரல. என் வண்டியில இதுவரை அந்த விளக்கு எரிஞ்சதே இல்ல. தம்பி, நீங்க ஒர்க்‌ஷாப் ஆளு. உங்களுக்குக் கழட்டினாத்தான் காசு. நான் ஓட்டுறவன். எனக்கு என்ன லாபம் சொல்லுங்க? மனசாட்சியோட பேசுறது இங்க யாருன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும். இந்த இழையில இதுவரைக்கும் ஒருத்தராவது 2500-ல ஓட்டிப் பார்த்துட்டு வந்து "எரியல"ன்னு சொன்னாங்களா?

சக்கரம்பிடி:
முதல் பதிவுல நான் அதைத்தானே சொன்னேன்!

டீசல்பித்தன்:
நீங்க "பாதி நேரம்"னு சொன்னீங்க. நான் தொடர்ந்து இருபது நிமிஷம்னு சொன்னேன்.

லோடுமேன்:
எதுக்கு இந்தக் கூத்து? உள்ள இருக்கிறதை வெட்டி எடுத்துட்டு, வெறும் பைப்பை வெல்டு வச்சு, ஈசியூ சாஃப்ட்வேரை மாத்தி ரீமேப் பண்ணிட்டா விளக்கும் இல்ல, ரீஜெனும் இல்ல. 2007-க்கு முந்தின அமெரிக்க பிக்கப்ல எல்லாம் டிபிஎஃப்பா இருந்துச்சு? ஓடலையா?

சக்கரம்பிடி:
பின்னாடி வர்றவன் நுரையீரல் உங்க ஃபில்டரா? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லயே முதல் வகையில சேர்த்தாச்சு. எனக்கு டிபிஎஃப் மேல கோபம் இருக்கு, அதுக்காக அறுத்துப் போடச் சொல்லல. எஞ்சின் கம்பெனி கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்ததைப் படிச்சீங்களா?

லோடுமேன்:
படிச்சேன், நீங்கதான் படிக்கல. அது டிபிஎஃப் வெட்டினதுக்கு இல்ல. ராம் பிக்கப் எஞ்சின்கள்ல நைட்ரஜன் ஆக்சைடு கட்டுப்பாட்டை ஏமாத்துற சாஃப்ட்வேர் வச்சதுக்கு. கம்பெனி செஞ்சதுக்கும் நான் பைப் வைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

சக்கரம்பிடி:
ரெண்டுமே புகைக் கட்டுப்பாட்டை ஏமாத்துறதுதானே?

லோடுமேன்:
நைட்ரஜன் ஆக்சைடும் கரியும் ஒண்ணா? திருப்புளி அண்ணே, நீங்களே சொல்லுங்க.

திருப்புளி:
என்னை இதுல இழுக்காதீங்க. வெட்டின வண்டி ஒண்ணு என்கிட்ட வந்துச்சு. டெயில் பைப் ஓரம் விரலை வச்சா கறுப்பா ஒட்டுது. டிபிஎஃப் நல்லா இருக்கிற வண்டியில அந்த இடம் வெள்ளைத்துணி வச்சுத் துடைச்சாலும் சுத்தமா இருக்கும். தவிர, அந்த வண்டியில முதல்ல கெட்டுப்போனது ஃபில்டரே இல்ல. பிரஷர் சென்சாருக்குப் போற ரப்பர் ஹோஸ், பைப்போட சேர்ற நுனியில சூட்டுல வெடிச்சிருந்துச்சு. நேரா பார்த்தா தெரியாது, லேசா வளைச்சாத்தான் பிளவு வாய் திறக்கும். சென்சார் தப்பா சொன்னதை நம்பி ஃபில்டரை அறுத்திருக்காங்க. கசியுற இன்ஜெக்டர், ஒட்டிக்கிட்ட இஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுறது), டர்போ ஹோஸ்ல ஓட்டை, திறந்தே நிக்கிற தெர்மோஸ்டாட், இத்தனையையும் பார்த்துட்டுத்தான் ஃபில்டர் மேல கை வைக்கணும்.

டீசல்பித்தன்:
ஹோஸ் வெடிச்ச வண்டியைக் காட்டி 2500 தப்புன்னு நிரூபிக்கிறீங்க. அருமை.

புதுவண்டி:
மன்னிக்கணும், மறுபடி கேட்கிறேன். ஃபேன் விஷயத்தோட இன்னொண்ணு. டிப்ஸ்டிக்ல ஆயில் மேக்ஸிமம் கோட்டைத் தாண்டி நிக்குது. நான் எதுவும் ஊத்தல. மோந்து பார்த்தா டீசல் வாடை.

டீசல்பித்தன்:
ஆயில் குறையாம இருக்குன்னா நல்ல எஞ்சின்னு அர்த்தம்.

திருப்புளி:
ஐயோ, வேண்டாம்! புதுவண்டி சார், அவர் சொல்றதைக் கேட்காதீங்க. ரீஜென் பாதியில பாதியில நின்னுக்கிட்டே இருந்தா, கூடுதலா அடிச்ச டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலந்துடும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங், டர்போ எல்லாம் அடிவாங்கும். கோட்டைத் தாண்டியிருந்தா ஓட்டாம ஆயிலையும் ஃபில்டரையும் மாத்துங்க, அப்புறம் ஏன் ரீஜென் முடியலன்னு பார்க்கச் சொல்லுங்க. எப்பவாவது ஒரு தடவை நடுவுல அணைச்சதால ஒண்ணும் ஆகாது, அடுத்த ஓட்டத்துல விட்ட வேலையைத் தொடரும். தினமும் அதே நடந்தாத்தான் ஆபத்து.

டீசல்பித்தன்:
"ரீஜென் முடியல." ஏன் முடியல? 2500-ல ஓட்டாததால. சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்கிறீங்க பாருங்க.

பின்சீட்டு:
சார், சில கம்பெனி மேனுவல்ல 60 கி.மீ.க்கு மேல, 2000 ஆர்பிஎம்-ல ஓட்டுங்கன்னு போட்டிருக்கு. 500 எங்கிருந்து வந்துச்சு? அனுபவ வரியா?

டீசல்பித்தன்:
மேனுவல் எழுதுறவன் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதுறான். 2000 போட்டா 2500 வை. இது அனுபவம். உங்களுக்கு வண்டி இருந்தா புரியும்.

பின்சீட்டு:
வண்டி இருக்கு. டிபிஎஃப் இருக்கு. விளக்கு எரியல. 2500-ம் பிடிக்கல.

டீசல்பித்தன்:
படம் போடுங்க பார்ப்போம்.

லோடுமேன்:
சாம்பல் ஆயில்ல இருந்து வருதுன்னீங்களே திருப்புளி அண்ணே, அப்ப 15டபிள்யூ-40 ஊத்தினா கூட வருமா, 5டபிள்யூ-30 ஊத்தினா கூட வருமா?

திருப்புளி:
அந்த நம்பர் கெட்டித்தன்மைக்கு. நீங்க பார்க்க வேண்டியது லோ சாப்ஸ், அதாவது சாம்பல் கம்மியா விடுற ஆயிலான்னு. டப்பா பின்னாடி ஏசிஇஏ சி3-ன்னோ, ஹெவி டியூட்டின்னா ஏபிஐ சிகே-4-ன்னோ தரக்குறி இருக்கும். உங்க மேனுவல் எதைச் சொல்லுதோ அது.

டீசல்பித்தன்:
நான் ஆரம்பத்துல இருந்தே 15டபிள்யூ-40தான். விளக்கு எரிஞ்சதில்ல. இதையும் குறிச்சு வச்சுக்குங்க.

சக்கரம்பிடி:
உங்க வண்டி எந்த வருஷ மாடல் ஐயா? முதல்ல அதுல டிபிஎஃப் இருக்கா?

டீசல்பித்தன்:
இது தனிநபர் தாக்குதல். அட்மின் கவனிக்கவும்.

பின்சீட்டு:
படம் போடுங்க பார்ப்போம்.