பதநீர்ப் பெட்டிக்கு உப்புநீர் பாட்டில்: எவ்வளவு உப்பு?

திசையன்விளைக்காரன்:
காலையில் இறக்கும் பதநீரில் 20 லிட்டரைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகிறேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் பங்குனி வெயிலில் மதியத்துக்குள் புளிப்பேறிவிடுகிறது. உப்புநீரை உறையவைத்தால் குளிர் நெடுநேரம் நிற்கும் என்று கேள்விப்பட்டு, கரையும் மட்டும் கல்லுப்பைப் போட்டு, பாட்டில்களை இரண்டு நாள் வீட்டு ப்ரீசரில் வைத்தேன்; அடியில் கொஞ்சம் உப்பு படிந்ததே தவிர, ஒன்றுகூட உறையவில்லை. எவ்வளவு உப்பு சேர்க்க வேண்டும்?

வண்ணார்பேட்டை:
அண்ணாச்சி, உப்பே வேண்டாம். எடையில் 23 சதவீதம் உப்புள்ள கரைசல் உறைவதற்கு மைனஸ் 21 டிகிரி வேண்டும். வீட்டு ப்ரீசரோ மைனஸ் 18-ஐ ஒட்டித்தான் நிற்கும். 10 சதவீதமாகக் குறைத்தாலும் ஏறக்குறைய பாதி திரவமாகவே இருக்கும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. உருகிய நீர் ஒரு டிகிரி சூடேற 4.2 கிலோஜூல் போதும். ஆகவே உறையாத பாட்டில் வெறும் குளிர்ந்த தண்ணீரைவிடப் பெரிதாக எதுவும் செய்யாது. உப்பு குளிரின் அளவைக் கூட்டுவதில்லை, உருகும் வெப்பநிலையை இறக்குகிறது; குல்பி விற்பவருக்கு அது தேவை, பதநீருக்குத் தேவையில்லை. உங்கள் 20 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 2,100 கிலோஜூல், அதாவது 6 கிலோ பனிக்கட்டி வேண்டும். பெட்டிக்குள் கசியும் வெப்பத்துக்காக இன்னும் இரண்டு மூன்று கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணகுடி:
இதே போல உப்புக் கலவையில் வெயிலைச் சேமித்து, இரவில் கருப்பட்டி காய்ச்ச முடியுமா?

அம்பை:
சூரிய வெப்ப மின்நிலையங்களில் சோடியம் நைட்ரேட் 60, பொட்டாசியம் நைட்ரேட் 40 என்ற விகிதத்தில் உருக்கிய கலவையை 565 டிகிரி வரை சூடேற்றி வைக்கிறார்கள். தனித்தனியே 300 டிகிரிக்கு மேல் உருகும் இவ்விரண்டும், சேர்ந்தால் 240 டிகிரிக்குள்ளேயே உருகிவிடுகின்றன. உப்பு சேர்ந்த தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழும் உறையாதிருப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் நைட்ரேட் தீயைத் தூண்டும் பொருள் என்பதால், பனையோலையும் விறகும் குவிந்திருக்கும் காய்ச்சுமிடத்தில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

திசையன்விளைக்காரன்:
வண்ணார்பேட்டைத் தம்பிக்கு நன்றி. பாட்டில்களைப் பதநீர்க் கேனுக்கு அடியில் வைப்பதா, மேலேயா?

வண்ணார்பேட்டை:
மேலேயும் பக்கவாட்டிலும் வையுங்கள், அண்ணாச்சி. குளிர்ந்த பதநீர் கனத்துக் கீழிறங்க, சூடானது தானே மேலேறி வரும். அடியில் மட்டும் வைத்தால் மேல்பாதி குளிர வெகுநேரமாகும்.